முப்பத்தொன்றாம் துளை

அந்தக் குடைக் கம்பெனியில் அவரை எல்லோரும் 'ஹலோ அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷம் வரவேற்பறையில் உட்கார்ந்து போன் இணைப்புக் கொடுத்தவர். ஆளுக்கொரு செல்போன் வந்ததும் அவரைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அங்கே அலமாரிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி. எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் இணைப்புக் கொடுக்கிற அதன் பெயர் சுவிட்ச். நாற்பத்தெட்டு துளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு நீல ஒயர். எது யார் மேஜைக்குப் போகிறதென்று ஒருவருக்கும் தெரியாது. பட்டியலில் வெறும் எண்கள்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வச்சிடுங்கக்கா. ஒயரைப் புடிச்சுக்கிட்டே போனா ரெண்டு வாரத்துல முடியும்," என்றார் மேலாளர்.

அக்காவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அறைக் கதவைத் திறந்து வைத்து, முதல் ஒயரைப் பிடுங்கினார்.

"ஐயோ, போச்சே!" என்று மாடியிலிருந்து ஒரு அலறல்.

"இது கொள்முதல் அதிகாரி!" அக்கா ஒயரைச் செருகிவிட்டு, 'கொள்முதல், மாடி, ஜன்னலோரம்' என்று பட்டியலில் தட்டினார். இரண்டாவதைப் பிடுங்கினார்.

"எவன்டா அவன்?"

விற்பனைத் தலைவர். சந்தேகமே இல்லை.

பதினெட்டு வருஷம் கேட்ட குரல்கள். டிசைன் பிரிவு அம்மாவை அடையாளம் காண ஒரு பெருமூச்சே போதுமானதாக இருந்தது. கட்டடம் முழுக்க அல்லோலகல்லோலம். அலமாரிக்கு முன்னால் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். மத்தியானத்துக்குள் நாற்பத்தேழுக்குப் பெயர் வைத்தாயிற்று.

முப்பத்தொன்று மட்டும் பாக்கி. பிடுங்கினார். மூச்சுப் பேச்சில்லை. மறுபடி செருகினால் துளையோர விளக்கு மட்டும் ஜோராகச் சிமிட்டியது.

வேறு வழியில்லாமல் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு ஒயர் பின்னாலேயே நடந்தார். அது மாடியேறி, ஒரு பிளைவுட் தடுப்புக்குள் புகுந்தது. பலகையைக் கழற்றினால், உள்ளே ஒரு பிரிண்டர்! தடுப்பு அடித்தவர்கள் அதை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பேப்பர் இல்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாவம்ணே, பட்டினி கிடக்குது," என்று அக்கா ஒரு கட்டுப் பேப்பரை வைத்தார். பிரிண்டர் ஒரு உறுமு உறுமிவிட்டு, இரண்டு வருஷமாகத் தேங்கிக் கிடந்ததையெல்லாம் துப்பத் தொடங்கியது. அக்கா முதல் தாளை எடுத்துப் படித்தார்.

கொள்முதல் அதிகாரியின் லீவு லெட்டர். 'நாளை மறுநாள் எனக்குத் திருமணம்.'

சொல்லாமல் கொள்ளாமல் லீவு போட்டார் என்று அவர் வாங்கிய திட்டு ஊரறிந்தது. அக்கா தாளோடு மேலாளர் அறைக்கு ஓடினார். கொள்முதல் அதிகாரியும் பின்னாலேயே ஓடிவந்தார்.

"நான் அப்பவே பிரிண்டருக்கு அனுப்பினேன்னு சொன்னேன்ல சார்!"

மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை எடுத்து 'அனுமதி' என்று கையெழுத்துப் போட்டார். "போய்க் கல்யாணம் பண்ணிட்டு வாய்யா."

"குழந்தைக்கே ஒரு வயசு ஆச்சு சார்!"

முப்பத்தொன்றுக்கு அக்கா 'பிளைவுட்டுக்குப் பின்னாடி' என்று பெயர் வைத்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தவரைப் பக்கத்து இருக்கைப் பெண் பயந்து பயந்து விசாரித்தாள். அக்கா முதலிலிருந்து சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு இருவரும் நிமிர்ந்தபோது, இறங்க வேண்டிய நிறுத்தம் இரண்டு பேருக்குமே தாண்டிப் போயிருந்தது.