மாந்தோப்புப் பாறையும் என் சம்பந்தியும்

போன தை மாதம், கெங்குவார்பட்டியை ஒட்டிய மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்பில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

தோப்பின் ஓரத்தில் ஒரு பாறை உண்டு. பன்னிரண்டு அடி உயரம். ஒரு பக்கம் நம் மேல் விழுவது போல முன்னால் சாய்ந்து நிற்கும். கயிறு கட்டாமல் இந்த மாதிரிப் பாறையில் ஏறுவது ஒரு விளையாட்டாம். தேனியில் இருந்து ஒரு பெண்ணும் அவள் தோழியும் வந்து அனுமதி கேட்டார்கள், கொடுத்தேன். அந்தப் பெண் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஞாயிறுதோறும் வந்து, அடியில் இரண்டு தடித்த மெத்தைகளைப் போட்டு, பிடி வழுக்காமல் இருக்கக் கையில் வெள்ளைத் தூளைத் தடவிக்கொண்டு ஏறுவாள், விழுவாள்.

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் விடமாட்டேன். அந்தப் பாறையில் கைக்கு ஐந்து பிடி, காலுக்கு மூன்றே இடம். ஒவ்வொரு முறையும் நான்காவது பிடிக்கு வலது கையை நீட்டும்போதுதான் விழுந்தாள். முதல் நாளே, "இங்கன வலது கைய வைம்மா" என்று நான் ஆரம்பித்ததும், "ஐயா, கேக்காமச் சொல்லாதீக. எங்க விளையாட்டுல அது தப்பு" என்று சொல்லிவிட்டாள். என் தோப்பில் எனக்கே வாய்ப்பூட்டா என்று கோபம் வந்தது. அப்புறம் தோழி விளக்கினாள். சாய்ந்து நிற்கும் அந்தப் பக்கமாக இதுவரை யாரும் ஏறியதில்லை. முதலில் வழி கண்டுபிடித்து ஏறுகிறவர்தான் அதற்குப் பெயர் வைக்க முடியும். இவளுக்கு அதுதான் ஆசை.

மூன்றாவது வாரம் எனக்கு விடை புரிந்துவிட்டது. மாங்கொட்டை அளவுள்ள ஒரு புடைப்பில் அவள் இடது காலை ஊன்றுகிறாள். பிடித்திருப்பதும் இடது கை. இரண்டும் ஒரே பக்கமாக இருப்பதால், வலது கையை எடுத்ததும் உடம்பு கதவு திறப்பது போல வெளியே சுழன்றுவிடுகிறது. அதே புடைப்பில் வலது காலை மாற்றி வைத்து, இடது காலைப் பக்கவாட்டில் நீட்டினால் சுழலாது. அவ்வளவுதான். ஆனால் நான் சொல்லவில்லை. இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஐந்தாவது ஞாயிறு, ஜெயமங்கலத்தில் இருந்து என் சம்பந்தி விருந்துக்கு வந்தார். மகளின் மாமனார். தோப்புக்கு வந்தவர் சும்மா இருக்கவில்லை.

"என்ன சம்மந்தி, பொம்பளப் புள்ளயத் தொங்கவிட்டு வேடிக்கை பாக்குறீக?"

"பேசாம இருங்க. அது வழி தேடிக்கிட்டிருக்கு."

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் நான்காவது பிடிக்குக் கையைத் தூக்கப் போன நேரம், இவர் எழுந்து நின்று கத்தினார். "ஆத்தா, அந்தக் கால எடுத்துட்டு அங்கனயே வலது கால வை!"

காதில் விழுந்ததும் அவள் கால் தானாக மாறிவிட்டது. உடம்பு சுழலவில்லை. நான்கு, ஐந்து, மேல் விளிம்பு. ஏறிவிட்டாள்.

தோழி குதித்தாள். "பேரச் சொல்லுடி!"

அவள் பின்பக்கமாக இறங்கி வந்து மெத்தையில் உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல் ஷூவைக் கழற்றினாள்.

"நான் கண்டுபிடிக்கலையே. அவுகளயே வைக்கச் சொல்லு."

அது குத்தல் என்பதுகூடப் புரியாமல் இவர் சொன்னார்: "ஜெயமங்கலம் பாறைன்னு போடும்மா!"

கெங்குவார்பட்டியில், என் தோப்பில் நிற்கும் பாறைக்கு! சம்பந்தியிடம் குரலை உயர்த்தக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? உயர்த்தினேன்.

"உங்ககிட்ட யாரு கேட்டா? அஞ்சு வாரமா அந்தப் புள்ள தேடுனத ஒரு நொடியில பறிச்சிட்டீகளே!"

"ஏறித்தான போச்சு? விழுந்து இடுப்ப ஒடிச்சிருந்தா நீங்களா வைத்தியம் பாப்பீக?"

"எனக்கு அந்தக் கால் ரெண்டு வாரமாத் தெரியும்!"

"தெரிஞ்சும் சொல்லலையா? நீங்கள்லாம் ஒரு மனுசனா சம்மந்தி?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு அப்படியே இருந்தது. சாயங்காலம் மகள் போனில் அழுதாள். "மாமா சாப்பிடாம வந்திருக்காக. அப்படி என்னத்தப்பா சொன்னீக?" நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரோ, தானே அந்தப் பெண்ணை ஏற்றிவிட்டதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் அதற்குப் பிறகு தோப்புப் பக்கம் வரவில்லை.

ஒருவர் தானே தேடுவதை எடுத்துக் கையில் கொடுப்பது உதவி என்றுதான் என் வீட்டில் எல்லோரும் இன்னும் வாதாடுகிறார்கள். ஜெயித்த பிறகும் எதையோ பறிகொடுத்தவளாக மெத்தையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த என்னால் அப்படி நினைக்க முடியவில்லை.