டாக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

எனக்கு வாய் நீளம். வார்டில் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள், பேசியே தீரவேண்டிய ஒரு நாளில் பாதியை விழுங்கிவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். பூனா கேம்ப்பில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். அங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தமிழ்க்காரர்கள் யார் வந்தாலும் ‘மதராஸி சிஸ்டரைக் கூப்பிடு’ என்பார்கள். டாக்டர் இங்கிலீஷில் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். அதற்குத் தனிச் சம்பளமில்லை, பெருமை மட்டும் உண்டு.

ஒரு நாள் காலை, பக்கத்துக் கிர்க்கியில் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்தவர் தன் மனைவியை டாங்கா குதிரை வண்டியில் கொண்டுவந்தார். எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. ஒரு வாரமாகக் காய்ச்சல், வாந்தி, தாங்கமுடியாத தலைவலி. கழுத்து மரக்கட்டையாக விறைத்திருந்தது.

டாக்டர் மராட்டிக்காரர், சின்ன வயது. பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும், இப்போதே எடுக்க வேண்டும் என்றார். “எந்தக் கிருமி என்று தெரியாமல் சரியான மருந்து கொடுக்க முடியாது. எடுக்கவில்லையென்றால் இவள் செத்துவிடுவாள். இதை அப்படியே அவரிடம் சொல்.”

அப்படியே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நோயாளி படுத்திருக்கிற கட்டில் பக்கத்தில் நின்று அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள். எடுத்தால் ‘வாயில வசம்ப வச்சுத் தேய்க்க’ என்று திட்டு விழும். அவளோ கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணுங்காரு அண்ணாச்சி. இல்லன்னா சீக்கு முத்திருமாம்.”

இவ்வளவுதான் சொன்னேன்.

அவர் பதறிப்போனார். “முதுகுலயா? எங்க குவார்ட்டர்ஸ் லைன்ல ஒருத்தனுக்கு அப்படிக் குத்தித்தான் ரெண்டு காலும் விளங்காமப் போச்சு சிஸ்டர். சின்னப் பிள்ள, இவ நடக்கணும்லா! மருந்து மட்டும் குடுக்கச் சொல்லுங்க.”

அவளும் “ஊசி வேண்டாம்க்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எடுத்துச் சொன்னேன், கெஞ்சினேன், கடைசியில் கோபப்பட்டும் பார்த்தேன். எல்லாம் செய்தேன், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. பரிசோதனைக்குச் சம்மதமில்லை என்ற இங்கிலீஷ் தாளில் அவர் தமிழில் கையெழுத்துப் போட்டார். குருட்டாம்போக்கில் மருந்து ஏறியது. நாலாம் நாள் மத்தியானம் அவள் போய்விட்டாள்.

மாதம் ஒன்று கழிந்ததும், உயிருக்கு ஆபத்து என்று யாரும் தனக்குச் சொல்லவில்லை என அவர் புகார் எழுதிக் கொடுத்தார். நான் சொன்னேனே, இதோ அவர் கையெழுத்து என்றார் டாக்டர். இரண்டு பேர் சொன்னதும் நிஜம். நடுவில் நின்றவள் நான்.

விசாரணைக்கு முன்னால் எங்கள் தலைமை நர்ஸ், மேட்ரன், என்னை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். “சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல். டாக்டருக்கும் நல்லது, ஆஸ்பத்திரிக்கும் நல்லது, உனக்கும் நல்லது.” ஊரில் என் சம்பளத்தை நம்பி நாலு பேர் இருந்தார்கள். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் போனேன்.

பெரிய டாக்டரும் கமிட்டி ஆட்கள் இரண்டு பேரும் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். ஓரத்தில் மேட்ரனும் அந்தச் சின்ன டாக்டரும். எதிரே பெஞ்சில் அண்ணாச்சி, பாதி ஆளாக இளைத்துப்போய். கேள்வி என்னிடம் வருவதற்குள் அவரே தமிழில் கேட்டுவிட்டார்.

“சிஸ்டர், எங்க மாமனாரு லெட்டர் போட்டிருக்காரு. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டு எம் பிள்ளையக் கொன்னுட்டியேன்னு. எனக்கு ராத்திரி பகல் தெரியல. நீங்க சொல்லி எம் புத்தியிலதான் ஏறலையா? செத்துப்போவான்னு சொன்னீங்களா?”

மேட்ரன் என்னையே பார்த்தாள். ‘சொன்னேன்’ என்றால் தப்பித்தேன். அந்த மனுஷன் சாகிற வரைக்கும் தன்னையே கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

“சொல்லல அண்ணாச்சி. டாக்டர் சொன்னாரு. நான்தான் உங்ககிட்ட சொல்லாம விட்டேன்” என்றேன். பிறகு அதையே இங்கிலீஷிலும் சொன்னேன். மேட்ரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனாள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணாச்சி எழுந்து என் பக்கத்தில் வந்தார். அறையப் போகிறார் என்று நினைத்தேன். அறையட்டும் என்றும் தோன்றியது.

“இத அப்படியே மாமனாருக்கு எழுதித் தாரீகளா?”

அங்கேயே, அத்தனை பேருக்கும் முன்னால் எழுதினேன். ‘செத்துப்போவாள்’ என்று டாக்டர் சொன்னதை உங்கள் மருமகனிடம் நான் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது என்று எழுதி என் பெயரைப் போட்டேன். அன்று சாயங்காலமே என் வேலை போனது வேறு விஷயம். அந்தத் தாளை அவர் இரண்டு தடவை படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னை எதற்குக் கும்பிட வேண்டும், பாவி மனுஷன்!