பாத்தியின் மூலை

அறுபதுகளின் தொடக்கத்தில் ஹட்டன் கடைத்தெருவுக்கு மேலே ஓர் அறையில் நானும் இன்னோர் ஆசிரியையும் வாடகைக்கு இருந்தோம். பகலில் ஒரே பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகள். மற்ற நேரத்தில் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்குச் சேர்ந்து படித்தோம். அவள் எனக்கு இரண்டு வயது இளையவள். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை மகள்.

கணிதத்தில் வகையீடு வந்ததும் என் நிம்மதி போயிற்று. இரண்டு சார்புகளின் பெருக்கத்தைக் கொடுத்தால், இரண்டையும் தனித்தனியே வகையிட்டு அந்த விடைகளைப் பெருக்கிவிடுவாள். x வர்க்கம் பெருக்கல் சைன் x என்றால், 2x கோசைன் x என்று எழுதி அடிக்கோடும் போடுவாள். முதலாவதை வகையிடும்போது இரண்டாவதைத் தொடாதே, இரண்டாவதை வகையிடும்போது முதலாவதைத் தொடாதே, பிறகு கூட்டு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சரி என்பாள். மறுநாளும் அதே விடை.

x-ஐ x-ஆல் பெருக்கிக் காட்டினேன். அவள் வழியில் 1 வந்தது. x வர்க்கத்தை வகையிட்டால் 2x என்பது அவளுக்கே தெரியும்.

“அது சரிதாங்கக்கா. ஆனா ஏன் கூட்டணும்?”

விதி அதுதான் என்று எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை வீட்டுக்கார அம்மா பின்பக்கம் லீக்ஸ் பாத்தியைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். அவளை இழுத்துப்போய்க் காட்டினேன். நீளம் ஒரு சார்பு, அகலம் இன்னொன்று, பெருக்கம்தான் பரப்பு. நீளமும் கொஞ்சம் கூடியிருக்கிறது, அகலமும் கொஞ்சம் கூடியிருக்கிறது. புது மண் இரண்டு பட்டைகளாகச் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் கூட்டுகிறோம் என்றேன். அவள் குனிந்து, இரண்டு பட்டைகளும் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்தாள்.

“இந்த மூலைய எதுலக்கா சேத்தீங்க?”

அது சின்னது, விட்டுவிடலாம் என்று சமாளித்தேன். சின்னதென்றால் விடலாமா என்று கேட்டாள். வீட்டுக்கார அம்மா வேறு, மூலையிலும் நாலு கன்று வைக்கலாமே என்று அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்.

அந்த வாரம் முழுக்க அவள் மேல் கோபம். என் மேல் அதைவிட. புத்தகத்தில் அந்த விதியின் நிறுவல் இருந்த பக்கத்தை நான் ஒருநாளும் படித்ததில்லை. விதியை மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன். மழை விடாத ஒரு மாலையில் வரி வரியாகப் பார்த்தேன். x-இல் கூடும் சிறு அளவால் எல்லாவற்றையும் வகுத்தால் பட்டைகள் இரண்டும் நிற்கின்றன. மூலையில் மட்டும் அந்தச் சிறு அளவு இன்னும் ஒட்டியிருக்கிறது. அது பூச்சியத்தை நெருங்க, மூலையும் கூடவே போய்விடுகிறது.

எழுதிக் காட்டினேன். தாளை வாங்கி, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தாள்.

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா.”

பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் ஊற்றப் போனேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பிழையைச் செய்யவேயில்லை. அந்த வருடம் இருவரும் கண்டிக்குப் போய்ப் பரீட்சை எழுதித் தேறினோம். கணிதத்தில் என்னைவிட அவளுக்குத்தான் புள்ளி கூட.