குன்றாண்டார்கோவிலுக்குக் கஞ்சி கற்கப் போனது

எங்கள் மகள் காமுவின் உடம்பு தேறியதைப் பார்த்துவிட்டு, "அது என்ன கஞ்சி? அந்த ஊருக்கு எப்படிப் போவது?" என்று ஆபீஸ் நண்பர்களும் தெருக்காரர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் வேண்டியவர்கள் படித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கஞ்சி காய்ச்சக் கற்றுக்கொள்ள ஒருவன் லீவு போட்டுவிட்டுப் பிரயாணம் போவானா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். புறப்பட்ட அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தை மாதத் தொடக்கத்தில் காமுவுக்கு டைபாய்டு வந்தது. ஏழு வயதுப் பெண். காய்ச்சல் ஒருவழியாக இறங்கியது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. ரொட்டி, பார்லித் தண்ணீர், குழைந்த சோறு எல்லாவற்றுக்கும் வாயை இறுக மூடிக்கொண்டாள். டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமேல் என்னிடம் மருந்தில்லை. சாப்பாடுதான் மருந்து. இப்படியே போனால் பிள்ளை தாங்காது" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் ஏது?

அந்தச் சமயத்தில் என் பெரியப்பா மகள் வள்ளியக்கா பிள்ளையைப் பார்க்க வந்தாள். குன்றாண்டார்கோவிலில் வாழ்க்கைப்பட்டவள், விவசாயக் குடும்பம். கைக்குழந்தையோடு என் மனைவியும் அன்று சுருண்டு படுத்திருந்ததால் வீட்டில் சமையலே நடக்கவில்லை. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பை மூட்டினாள். தான் கொண்டு வந்திருந்த சாமை நொய்யில் ஒரு கஞ்சி காய்ச்சினாள். காமு ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஊருக்குப் போகும்போது அக்கா செய்முறையை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் போனாள். என் மனைவி அதே நொய், அதே பயறு, அதே சீரகம் போட்டுக் காய்ச்சினாள். காமு ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளும் அதே கதை. தண்ணீரை மாற்றினோம், பானையை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. அக்கா ஊரிலிருந்து மாடு வாங்க வந்த ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்பினேன். "பிள்ளையை இங்கிட்டுக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்று அவர் வழியாகவே பதில் வந்தது. கைக்குழந்தையோடு மனைவி நகர முடியாது. ஆகவே அடுப்படிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத நான், கஞ்சி கற்றுக்கொள்ளப் புறப்பட்டேன்.

திருச்சியிலிருந்து கீரனூர் இருபது மைலுக்குச் சற்றுக் குறைவு. ரயிலும் உண்டு. ஆனால் யுத்தத்துக்குப் போகும் பட்டாளத்துக்காரர்களின் கூட்டத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏற எனக்குத் தைரியம் இல்லை, பஸ்ஸில் போனேன். எட்டணா டிக்கெட். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் இப்போது எல்லாம் கரி பஸ். பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டியிருக்கிறார்கள். அதில் கரியைக் கொட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அனல் ஏற்றி, வண்டி மனம் வைத்தால்தான் நகரும். காலை ஆறரைக்குப் புறப்பட வேண்டியது ஏழேகாலுக்குப் புறப்பட்டது. திருச்சி ஜில்லா முடிந்து சமஸ்தான எல்லை தாண்டியதும் ஒரு மேட்டில் மூச்சு வாங்கி நின்றே விட்டது. "எல்லாரும் கொஞ்சம் எறங்கித் தள்ளுங்க. பிள்ளை வச்சிருக்கிறவரு மட்டும் உள்ளேயே இருங்க" என்றார் டிரைவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளியவர்களில் ஒருவர் கூட என்னை முறைக்கவில்லை. அந்தப் பக்கத்து ஜனங்களின் குணம் எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று.

கீரனூரிலிருந்து குன்றாண்டார்கோவிலுக்கு மாட்டு வண்டிதான். எட்டு மைல் என்றார்கள். என் இடுப்பைக் கேட்டால் பதினாறு என்று சொல்லும். ஒன்றேகால் ரூபாய் பேசினேன். புறப்படுமுன் வழிக்கு இருக்கட்டும் என்று ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்த முறுக்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வழியெல்லாம் செம்மண், கண்மாய், பொட்டல், மறுபடி கண்மாய். காமு என் மடியிலேயே தூங்கி வந்தாள். துணி மூட்டைக்கு இருக்கிற கனம் கூட அவளிடம் இல்லை.

"வாங்க தம்பி. பிள்ளைய இப்படிக் கயித்துக் கட்டில்ல போடுங்க. வண்டி ரொம்பக் குலுக்கிருச்சா?" என்றாள் அக்கா. மச்சான் கருப்பையா வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். ஆறடி ஆள். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோற்றில் கை வைக்கமாட்டார் என்று கல்யாணமான நாள் முதல் பேர் வாங்கியவர். உழவுக்குப் போகிற மகன்கள் இரண்டு பேரும் அப்பாவைப் போலத்தான்.

மாலையில் அக்கா கஞ்சி காய்ச்சியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் செய்ததற்கும் இதற்கும் எள்ளளவு வித்தியாசம் தெரியவில்லை. பானை மட்டும் பெரிதாக இருந்தது. அதில் காய்ச்சிய கஞ்சியையே அன்று எல்லோருக்கும் ஊற்றினாள். மச்சான் ஒரு வட்டில் குடித்தார், மகன்களும் குடித்தார்கள், தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது. அரிசித் தட்டுப்பாடு இவர்களை இந்தப் பாடு படுத்துகிறதே என்று என் மனம் கனத்துப்போயிற்று. விருந்தாளியாக வந்து பாரமாகிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது. எனக்கு அந்தக் கஞ்சி சுண்ணாம்பு கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. காமு இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாய்க்குத் தலையை ஆட்டிவிட்டு, மச்சான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானமும் அதே கஞ்சி. எனக்குப் பசி பொறுக்கவில்லை. பையிலிருந்த முறுக்கை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் ஒதுங்கினேன். ஒன்றைக் கடித்ததுதான் தாமதம், மச்சான் வந்து நின்றார்.

"மாப்ளே, அத அப்படியே மடிச்சு வைங்க. கடிக்கிற சத்தம் பிள்ளைக்குக் கேக்கும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நம்ம வீட்டுல ஒருத்தருக்குப் பத்தியம்னா எல்லாருக்கும் பத்தியம். அடுப்புல ஒரு பானைதான். தாளிக்கிறது, பொரிக்கிறது ஒண்ணும் கெடையாது. அங்கிட்டு மணக்க மணக்க வறுத்துத் தின்னுட்டு, இங்கிட்டு வந்து கஞ்சிய நீட்டுனா எந்தப் பிள்ளை குடிக்கும்? எனக்கு மட்டும் ஏன் இதுன்னுல்ல நெனைக்கும்?"

"எத்தனை நாளைக்கு மச்சான்?"

"அதப் பிள்ளைதான் சொல்லணும். அது வாயால வேற ஏதாச்சும் கேக்கணும். அன்னைக்குத்தான் அடுப்புல சட்டி ஏறும்."

அரிசிக் குதிர் பாதிக்கு மேல் நிறைந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். எங்கள் வீட்டுச் சமையல்கட்டு கண் முன்னால் வந்தது. ஒரு பக்கம் காமுவுக்குச் சின்னச் சட்டியில் கஞ்சி. இன்னொரு பக்கம் எனக்கு வெங்காயச் சாம்பாரும் பொரித்த அப்பளமும். சாம்பார் மணக்கிற கையாலேயே அவளுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறேன். அக்கா வந்த அன்று எங்கள் வீட்டில் வேறு அடுப்பு எரியவில்லை. அதனால் குடித்திருக்கிறாள்.

"இதை ஏன் அக்கா அன்றைக்கே சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

அக்காவுக்கு என் கேள்வியே புரியவில்லை. "நீங்க கஞ்சியக் கேட்டீங்க, சொன்னேன். வீட்டுல எல்லாரும் அதைத்தானே குடிப்பீங்கன்னு நெனச்சேன். வேற எப்படித் தம்பி குடிப்பாங்க?" என்றாள். உப்பு போடுவதைச் சொன்னவள், அடுப்பு மூட்டுவதைச் சொல்லவில்லை அல்லவா? அவளுக்கு இதுவும் அப்படித்தான்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, "வள்ளி, பிள்ளை குடிச்சிருச்சா? எங்க வீட்டுல கருவாடு கெடக்கு, இன்னைக்குச் சுட வேணாமா?" என்று கேட்டார். "இன்னும் ரெண்டு நாளு போகட்டும் அக்கா" என்றாள் இவள். "போகட்டும், கருவாடு எங்க ஓடிப்போகப் போகுது" என்று அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். யாரோ ஒரு திருச்சிப் பிள்ளைக்காக ஒரு தெருவே நாக்கைக் கட்டிக்கொண்டிருந்தது. இதை யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. இந்த மாதிரி மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை அக்கா டம்ளரை நீட்டியபோது காமு வாங்கவில்லை. "மாமாவுக்கு ஊத்தின மாதிரி எனக்கும் வட்டில்ல ஊத்துங்க அத்தை" என்றாள். ஊற்றினாள். மச்சானுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு முழுவதையும் குடித்துவிட்டு, அவரைப் போலவே புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். அன்று எனக்கும் கஞ்சி ருசித்தது.

சாயங்காலம் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். குன்றைக் குடைந்து சந்நிதி எடுத்திருக்கிறார்கள். முன்னால் மண்டபத்தையே தேராகச் செய்து, கல்லிலே சக்கரமும் குதிரையும் வைத்திருக்கிறார்கள். "இந்தக் குதிரைக்கும் கஞ்சிதானா அப்பா?" என்று கேட்டாள். நோய் வந்த பிறகு அவள் கேட்ட முதல் விளையாட்டுக் கேள்வி அதுதான். கோவிலுக்காக மட்டும் போகிறவர்களுக்கும் அரை நாள் போதாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கீரனூரில் வண்டி பேசும்போதே திரும்பி வருகிற நாளையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊரில் வண்டிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். கடைகளில் சில்லறையாகச் சமஸ்தானத்து அம்மன் காசு கொடுப்பார்கள்; திருச்சியில் செல்லாது, அங்கேயே செலவழித்துவிடுங்கள். கரி பஸ்ஸில் முன் ஸீட்டில் உட்கார்ந்தால் புகை குறைவு.

கஞ்சிக்கு, ஆளுக்கு ஒரு கைப்பிடி சாமை நொய், அதில் பாதி வறுத்த பச்சைப்பயறு, இரண்டு பல் பூண்டு, ஒரு சிட்டிகை சீரகம், தட்டிய சுக்குத் துளி. நிறையத் தண்ணீர் விட்டு, குழைந்து மசிகிற வரை சிறு தீயில் வைக்க வேண்டும். இறக்கிய பிறகு உப்பு. வெதுவெதுப்பாக ஆறினதும் மோர். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கைப்பிடி போட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். உடம்பு சரியில்லாதவருக்கு மட்டும் ஒரு கைப்பிடி போட்டால் இது வேறு கஞ்சி.

திருச்சிக்குத் திரும்பிய பிறகு நாங்களும் அப்படியே செய்தோம். எங்கள் வீடு இரண்டு குடித்தனம் இருக்கிற வீடு. அடுத்த குடித்தனத்து அம்மாளிடம் போய், கொஞ்ச நாளைக்கு எதையும் பொரிக்காமல் இருக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இது என்ன ஊரில் இல்லாத வழக்கம்?" என்று முணுமுணுத்தார். ஆனால் அன்று முதல் அவர் பக்கத்திலிருந்து எண்ணெய் வாசனையே வரவில்லை. கஞ்சியின் பக்குவத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். என் வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. ஆபீஸில், உனக்கா டைபாய்டு, பிள்ளைக்கா என்று கேட்டார்கள்.

மாசி முடிகிற சமயம். ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். காமு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"அம்மா, அப்பாவுக்கு ஒரு அப்பளம் பொரிச்சுக் குடும்மா. பாவம், எளைச்சுப் போயிட்டாங்க."

"உனக்கு?"

"எனக்கும் ரெண்டு."

என் மனைவி வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தாள். எண்ணெய் சத்தம் கேட்டு அடுத்த குடித்தனத்து அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை கேட்டுட்டாளா?"

"கேட்டுவிட்டாள்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். சற்று நேரத்தில் அவர் வீட்டிலும் வாணலி ஏறிற்று.