பொடிக்கக் கூடாத மாத்திரை

அந்த வருடம் நான் எம்.பார்ம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பீர்க்கன்கரணையிலிருந்து தினமும் பஸ் பிடித்து, ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே இருந்த கல்லூரிக்குப் போவேன். வாய்வழியாகக் கொடுக்கும் மருந்தை வயிற்றுக்குள் மெல்ல மெல்ல விடும் நுண்மணிகள்தான் என் ஆய்வு. உடம்புக்குள்ளேயே சிதைந்து மறைந்துவிடும் பாலிமருக்குள் மருந்தைப் பொதிந்து, ரவையைவிடச் சின்ன மணிகளாகச் செய்ய வேண்டும். செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. மருந்து வெளியே வரும் வேகம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பன்னிரண்டு மணி நேரம் கசிய வேண்டியது முதல் மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் கொட்டிவிடும். கண்ணாடிக் குடுவையில் வெதுவெதுப்பான திரவம், அதில் மணிகள், அரை மணிக்கு ஒரு தடவை கொஞ்சம் உறிஞ்சி எடுத்து அளப்பேன். முதல் மணி நேரம் தாண்டும்வரை குடுவையை விட்டு நகர மாட்டேன்.

வீட்டில் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், முந்தின வருடம்தான் பக்கவாதம் வந்திருந்தது. தாம்பரம் மார்க்கெட்டில் இருந்த பாத்திரக் கடையை அண்ணன் பார்த்துக்கொண்டார். அத்தா மறுபடி நடக்கப் பழகிவிட்டார், விழுங்குவதுதான் சிரமம். முழு மாத்திரை என்றால் புரையேறிக் கண் பிதுங்கும். அதனால் அம்மா எல்லா மாத்திரையையும் பொடி செய்து தேனில் குழைத்துக் கொடுப்பாள். தினமும் என் கண்ணெதிரே நடந்ததுதான்.

இரத்த அழுத்தத்துக்கு மூன்று வேளை மாத்திரை. ஒரு வேளை தவறிவிடும், இல்லை இரண்டு தடவை கொடுத்துவிட்டோமோ என்று அம்மா கலங்குவாள். அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, நாளெல்லாம் மெதுவாக வேலை செய்கிற மாத்திரையாக எழுத முடியுமா என்று நானே கேட்டேன். படித்த பெண் கேட்கிறாள் என்று அவரும் எழுதிக் கொடுத்தார். விழுங்கும் சிரமத்தை அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அன்று சாயங்காலமே மாத்திரையை வாங்கி டப்பாவில் வைத்து, இனிமேல் காலையில் ஒன்று போதும் என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை ஆய்வகத்தில் புதிதாகச் செய்த மணிகளைக் குடுவையில் போட்டேன். முதல் மணி நேரத்தில் மருந்து சொற்பமாகத்தான் வந்திருந்தது. நம்பாமல் மறுபடி அளந்தேன். அதே அளவுதான். இரண்டாம் மணி நேரமும் நிதானமாகப் போனது. அப்போதுதான் அம்மாவின் போன்.

அத்தாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொள்கிறார் என்றாள். மாத்திரை கொடுத்தாயிற்றா என்று கேட்டேன். எட்டு மணிக்கே கொடுத்தாயிற்று.

"எப்படிம்மா குடுத்தீங்க?"

"எப்பவும் போலத்தான். பொடி பண்ணி, தேன்ல கொழச்சு."

பொடித்தால் மருந்தை மெதுவாக விடும் அமைப்பே உடைந்துபோகும். ஒரு நாள் முழுக்கக் கசிய வேண்டிய மருந்து ஒரேயடியாக அவர் இரத்தத்தில் இறங்கியிருக்கிறது. அத்தாவைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வைக்கச் சொன்னேன். அண்ணனுக்குப் போன் செய்து, உடனே ஆட்டோ வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். பக்கத்து மேஜைத் தோழியிடம் குடுவையைக் காட்டிவிட்டு ஓடினேன்.

பஸ் பெருங்களத்தூர் சிக்னலுக்கு முன்னால் நின்றது நின்றதுதான். அண்ணன் மருத்துவமனைக்குள் போய்விட்டார் என்று தெரிந்ததும், போனை டியூட்டி டாக்டரிடம் கொடுக்கச் சொன்னேன். மருந்தின் பெயரையும் அளவையும் கொடுத்த நேரத்தையும் சொன்னேன். "மெதுவா ரிலீஸ் ஆகுற மாத்திரை மேடம். பொடிச்சுக் குடுத்துட்டாங்க."

நாடி முப்பத்தெட்டு என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்டரம்மா போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். அறுபதாவது இருக்க வேண்டும். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் ஓடி, வழியில் கிடைத்த ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தபோது அத்தாவுக்கு ஊசி போட்டு சலைன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டிலின் கால்பக்கம் உயர்ந்திருந்தது. உதடு சாம்பல் பூத்திருந்தது. வெளியே வராந்தாவில் அண்ணன் அம்மாவைத் திட்டிக்கொண்டிருந்தார். மாத்திரை என்றால் விழுங்கத்தானே கொடுக்கிறார்கள், அதை ஏன் இடித்தாய் என்று. அம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் குறுக்கே போகவில்லை. குடுத்துட்டாங்க என்று போனில் நான் சொன்ன சொல் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. இருந்தும் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ அண்ணன் அம்மாவைத் திட்டட்டும் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருப்பது அந்தப் பத்து நிமிடம்தான்.

அப்புறம் சொன்னேன். "அவங்களத் திட்டாதண்ணா. அந்த மாத்திரைய எழுதச் சொன்னதே நான்தான். பொடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். சொல்லல."

அண்ணன் என்னைப் பார்த்தார். கீழே இறங்கிப் போய்விட்டார்.

நாற்பது, நாற்பத்திரண்டு என்று நாடி நகர்ந்தது. டாக்டர் அரை மணிக்கு ஒரு தடவை வந்து பார்த்தார், சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லவே மாட்டேன் என்றார். பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொன்ன பிறகுதான் ஐம்பதைத் தாண்டியது. அத்தா கண் திறந்து, கடையைச் சாத்தியாயிற்றா என்று குழறலாக அண்ணனைக் கேட்டார். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார், பழைய மூன்று வேளை மாத்திரையோடு.

தோழி அன்று இரவுவரை நின்று எல்லா மாதிரிகளையும் எடுத்து வைத்திருந்தாள். மருந்து சீராகக் கசிவதைக் காட்டும், நான் வருடம் முழுக்கத் தேடிய வரைபடம் அதில்தான் கிடைத்தது. கஞ்சியில் தூவி மெல்லாமல் குடித்துவிடலாம், அப்படிப்பட்ட சின்ன மணிகள். கல்லூரியில் பாராட்டினார்கள். அந்த வரைபடத் தாளை ஒரு வாரம் நான் தொடவில்லை. ஆய்வு எலிகளில் சோதித்ததோடு நின்றது. அத்தாவுக்கு அது எட்டவே இல்லை.

அம்மா என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"காலேஜ்ல எல்லாருக்கும் வெளக்கிச் சொல்றியாமே. எனக்கு ஒரு வார்த்த சொன்னா புரிஞ்சிருக்காதா?"

புரிந்திருக்கும் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அத்தாவின் எந்த மாத்திரையையும் அவளிடம் விளக்காமல் நான் டப்பாவில் வைத்ததில்லை.