ஒயரு செருகி இருக்குதா மாப்ள?

என் மனைவியின் அண்ணனுக்குப் பதினெட்டு வருஷமாக ஒரே சந்தேகம்தான். நான் மேடையில் நிஜமாகவே வாசிக்கிறேனா, இல்லை கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சும்மா நிற்கிறேனா என்று. நான் வாசிப்பது பேஸ் கிடார். நாலு தடித்த கம்பி, அடியில் ஓடும் சத்தம். பாடகரைக் கேட்பார்கள், கீபோர்டைக் கேட்பார்கள், டிரம்ஸ் செத்தவனுக்கும் கேட்கும். என்னுடையது யாருக்கும் தனியாகக் கேட்காது. கல்யாணத்துக்குக் கல்யாணம் மச்சான் மேடையோரம் வந்து, சொந்தக்காரர்கள் காதில் விழும்படி, "ஒயரு செருகி இருக்குதா மாப்ள?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். என் மனைவி மட்டும் சிரிக்க மாட்டாள்.

அந்த மச்சானின் மகளுக்கே கல்வராயன் மலையில் கல்யாண வரவேற்பு. எங்கள் குழுதான் கச்சேரி. மனைவியின் ஊர், அவளுடைய மொத்த ஜனமும் வந்து உட்காரும் இடம். இந்தத் தடவையாவது என் சத்தம் அவர்கள் காதில் ஏற வேண்டும் என்று எனக்கு வெறி. அவளுக்கும் அந்த ஆசை உண்டு, வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அதற்காகவே காலால் மிதிக்கிற பெடல்கள் நாலு வாங்கினேன். ஒன்று சத்தத்தைச் சமப்படுத்தும், ஒன்று கொஞ்சம் கரகரப்பு சேர்க்கும், மற்ற இரண்டும் இன்னும் ஏதேதோ செய்யும்.

வரவேற்புக்கு இரண்டு நாள் முன்னால், கள்ளக்குறிச்சி வீட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் வரிசையாக மாட்டி ஒரு கம்பியைத் தட்டினேன். அட கடவுளே! கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ முனகுவது போல ஒரு சத்தம். பெடல் இல்லாத காலமே தேவலை என்று ஆகிவிட்டது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பேட்டரியை மாற்றினேன். குட்டி ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வேறு மாட்டினேன். பெடல்களை இடம் மாற்றினேன். ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நாலையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கிடாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினேன். அப்போதும் அதே முனகல். அப்படியென்றால் பெடல் மேல் குற்றமில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது தேவைப்பட்டது, வெட்கக்கேடு.

புரிந்ததும் நான் செய்த அடுத்த வேலை, சமையலறையைப் பார்த்துக் கத்தியது. "பூஜைக்கு ஈரத்துணி போட்டுத் தொடச்சியே, அதான் உள்ள தண்ணி பூந்துடுச்சி!"

பத்து நாளுக்கு முன்னால் ஆயுத பூஜை. கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்து, தலையிலும் உடம்பிலும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் மூன்று குமிழ்களிலும் சந்தனம் குங்குமம் வைத்தவள் அவள்தான்.

கையில் கரண்டியோடு வந்தாள். "ஈரத்துணியா? காஞ்ச துணியிலதான் தொடச்சேன். சும்மா என் மேல பழி போடாதீங்க." குனிந்து கிடாரைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "இன்னாங்க இது? நான் மூணுத்துக்கும் மேல் பக்கமாதான பொட்டு வச்சேன். இது மட்டும் ஏன் கீழ பாத்துக்கினு இருக்குது?"

பார்த்தேன். மூன்றாவது குமிழின் குங்குமம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது குரலின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கிற குமிழ். நான் அதைத் தொடுவதே கிடையாது, எப்போதும் முழுசாகத் திறந்தே இருக்கும். பூஜை முடிந்து கிடாரை உறைக்குள் அவசர அவசரமாகத் திணித்தவன் நான். அந்தத் திணிப்பில் அது திரும்பி மொத்தமாக மூடிக்கொண்டிருக்கிறது. ஒயரைப் பார்த்தேன், பேட்டரியைப் பார்த்தேன், கைக்கடியில் இருந்ததைப் பார்க்கவில்லை.

பொட்டு மேலே வரும்வரை திருப்பிவிட்டு ஒரு தட்டு தட்டினேன். கணீர் என்று வந்தது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. நாலு பெடலையும் மறுபடி மாட்டி அரைமணி நேரம் வாசித்தேன். மன்னிப்பு கேட்டேனா என்றால், அசடு வழிந்தேன், அவ்வளவுதான். அவள் ஏற்றுக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது, சமையலறைக்குப் போய்விட்டாள்.

கை வலித்து நிறுத்தியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏன் நிறுத்திட்டீங்க? வூடே காலியான மாதிரி ஆயிடுச்சி."

நான் பதில் சொல்வதற்குள் அவளே வாசற்படிக்கு வந்து நின்றாள். ஏதோ யோசனை ஓடுவது முகத்தில் தெரிந்தது. "அங்கயும் ஒரு தபா நிறுத்துங்க. நல்லா ஆடிக்கினு இருப்பாங்க இல்ல, அப்ப."

"பாட்டு நடுவுல நிறுத்துனா குழுவுல என்னைக் கொன்னுடுவாங்க."

"கொல்லட்டும்," என்றாள்.

மலையில் வரவேற்பு. சாயங்காலக் குளிரில் பந்தல் நிறைந்திருந்தது. மச்சான் மேடைக்கு எதிரிலேயே நின்று ஆடுகிறவர்களுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார். குத்துப்பாட்டு உச்சத்துக்குப் போனபோது என் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையை லேசாக அசைத்தாள். நான் கம்பிகளின் மேல் கையை வைத்து அமுக்கிவிட்டேன்.

டிரம்ஸ் அடிக்கிறவர் என்னைக் கண்ணாலேயே எரித்தார். மற்ற எல்லாம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் ஆடிக்கொண்டிருந்த கால்கள் தடுமாறின. மச்சானின் கை தட்டாமல் அந்தரத்தில் நின்றது. அவர் பாடகரைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார், கடைசியில் என் கையைப் பார்த்தார். மனசுக்குள் எட்டு வரை எண்ணிவிட்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினேன். கூட்டம் ஓவென்று கத்திக்கொண்டு ஆடியது.

சாப்பாட்டுப் பந்தியில் மச்சான் தானே வந்து என் இலையில் இனிப்பு வைத்தார். கேலி எதுவும் வரவில்லை.

"மாப்ள," என்றார் மெதுவாக, "வேற எங்க வேணா நிறுத்து. ஆனா எம் பொண்ணு கல்யாணத்துல நடுவுல நிறுத்தியிருக்கக் கூடாதுப்பா. நெஞ்சு பக்குன்னு ஆயிடுச்சி."

பக்கத்து இலையில் என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாள். அவளுடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.