தறப்பாளுக்குள் வைத்த மிளகாய்க் கன்றுகள்

அம்மா ஏன் இப்போது விதை போடுவதில்லை, தயிர்ச்சட்டிகள் ஏன் யன்னலடியில் வெறுமையாகக் கிடக்கின்றன என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். அம்மாவிடம் கேட்க வேண்டாம். அப்பா நானே எழுதித் தருகிறேன்.

அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்ததும், அதன்பின் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனதும் உங்களுக்குத் தெரியும். கட்டிலில் இருந்தபடி செய்யக்கூடிய வேலையை அவரே கண்டுபிடித்தார். முற்றத்தில் போடும் மிளகாய் நாற்றை மயிலும் குரங்கும் விட்டுவைப்பதில்லை. அதனால் வெறும் தயிர்ச்சட்டிகளில் ஓட்டை போட்டு, விதைத்து, யன்னலடியில் கட்டிலோடு ஒட்டிக் கிடந்த நீளப் பலகை வாங்கில் வைத்து வளர்த்தார். எங்கள் ஒழுங்கையில் அக்கம்பக்கம் உள்ளவர்கள் கன்று கேட்டு வருவார்கள். படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரியைப் பார்க்க வருவது வேறு, கன்று கேட்டு வருவது வேறு. கன்று கேட்டு வருகிறவர்களோடு அம்மா நிமிர்ந்து இருந்து கதைப்பார்.

எங்கள் யன்னல் மேற்குப் பக்கம். காலை வெளிச்சம் மெல்லியது, சட்டிகள் யன்னலோடு இருக்கலாம். செடி வெளிச்சத்துக்குச் சாயும் என்பதால் தினமும் சட்டியைத் திருப்பிவிட வேண்டும். ஒருநாள் மறந்துபோனேன். “உங்களை மாதிரித்தான் நிக்குதுகள், தேத்தண்ணிக் கடைப் பக்கம் சாய்ஞ்சு” என்று என்னைச் சீண்டினார் அம்மா.

மத்தியானம் திரும்பினால் வெயில் நேரே உள்ளே விழும். மேலே தகரமும் கொதிக்கும். வாங்கைச் சுவரோரம் இழுத்து, யன்னலில் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, கதவைத் திறந்து காற்றுவிட வேண்டும். அம்மா புறங்கையைச் சட்டியில் வைத்துப் பார்த்துச் சொல்லுவார், நான் இழுப்பேன்.

அந்தச் சித்திரையில், கைவசம் இருந்த விதை முழுவதையும் அம்மா போட்டிருந்தார். கன்றுகள் நாலு இலை விட்ட நேரம், படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டச் சின்னம்மா அவரை ஓட்டோவில் வவுனியாவுக்குக் கூட்டிப்போனார். பன்னிரண்டு மணிக்கு வந்து வாங்கை இழுத்துவிடச் சொன்னார் அம்மா. ஓம் என்றேன்.

ஆனால் அன்று வயலுக்கு எங்கள் தண்ணீர் முறை. இடையில் வந்தால் மேல்காணிக்காரர் வாய்க்காலை மறித்துவிடுவார். காலையிலேயே வாங்கை இழுத்தால் கன்றுக்கு வெளிச்சம் இல்லை. சாக்கு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். யோசித்துவிட்டு, சண்டைக்குப் பிறகு எங்களை வைத்திருந்த முகாமில் கூரைக்குத் தந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தறப்பாளை எடுத்தேன். வெளிச்சம் உள்ளே போகும், வெயில் சுடாது என்று நினைத்தேன். வாங்கைச் சுற்றி, என் கைக்குப் பழகிய விதமாக, கூடாரம் போலக் கட்டினேன். கோழி நுழையாமல் ஓரமெல்லாம் கல் வைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு போனேன்.

நாலு மணிக்கு வந்து தறப்பாளைத் தூக்கினேன். கன்றுகள் அவித்த கீரை போல மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. சூடேறிய பிளாஸ்டிக் மணம் முகத்தில் அடித்தது. அந்த மணம் எனக்குத் தெரியும். செட்டிகுளம் முகாமில், இதே தறப்பாளுக்குள்தான் உங்களுக்கு முதல் பிறந்த பிள்ளை காய்ச்சலில் கிடந்தது. அம்மா ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் ஒற்றுவதை நிறுத்தினார்.

பொழுதுபட ஓட்டோ வந்தது. அம்மாவைத் தூக்கிக் கட்டிலில் விட்டேன். அவர் புறங்கையால் ஒரு சட்டியைத் தொட்டார். பிறகு தறப்பாளைப் பார்த்தார்.

“இஞ்சருங்கோ, நாங்கள் இதுக்குள்ள இருந்தனாங்கள்தானே” என்றார்.

வேறு விதை வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். அடுத்தநாள் காலை, கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடச் சொன்னார். கன்று கேட்டு வந்தவர்களிடம், கன்று இல்லை என்று வாசல் படலையிலேயே சொல்லி அனுப்பினேன். இப்போது வருகிறவர்கள் வருத்தம் விசாரிக்க மட்டுமே வருகிறார்கள்.

தறப்பாளை எரிக்க வீட்டுப் பின்வளவுக்குக் கொண்டுபோனேன். நெருப்புப்பெட்டியும் கையில் இருந்தது. எரிக்க முடியவில்லை. இன்னொரு தடவை ஓட வேண்டி வந்தால் தலைக்கு மேல் எதைப் பிடிப்பது? அம்மாவும் எறியச் சொல்லவில்லை. அலுமாரிக்கு மேல் மடித்து வைத்திருப்பது அதுதான்.